சுருங்காத டை வேண்டுமா? மேல்துணிக்கு முன்னால் உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்

டை வடிவமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள்: பட்டா, கம்பளியா, பாலியஸ்டரா? சுருக்கம் விழக் கூடாது, வருடக்கணக்கில் கட்டினாலும் உருவம் மாறக் கூடாது. அதற்கு எந்தத் துணி என்று தெரிந்துவிட்டால் மற்றதைத் தையல் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். மாதிரித் துணிகளை ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்க்கிறார்கள், முடிவுக்கு வர முடிவதில்லை.

முடிவுக்கு வர முடியாததற்குக் காரணம், கேள்வி தொடங்கும் இடம் தவறு என்பதுதான். டை சுருக்கத்திலிருந்து மீள்வதில் மேல்துணிக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் துணியை வெட்டும் கோணம், உள்ளே உருவம் கொடுக்க வைக்கும் உள்துணியான கேன்வாஸ், முதுகில் ஓடும் தையல் ஆகிய மூன்றின் பங்கு அதைவிடப் பெரிது. விலையுயர்ந்த பட்டை மோசமான கேன்வாஸின் மேல் போர்த்தினால் சில தடவை கட்டியதுமே கழுத்துப் பகுதி கயிறாகத் திரண்டுவிடும். சுமாரான துணியும் உள்கட்டு சரியாக இருந்தால் நெடுநாள் நிற்கும். அதனால் இங்கே துணிகளை ஒப்பிட்டுவிட்டு, பேச்சின் பெரும்பகுதியை உள்ளே இருப்பவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

மீட்சி. இதுதான் முதல் அளவுகோல். துணி வளையும்போது இழையின் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் அமுங்குகிறது. இழைக்குள் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்த இழுப்பில் விட்டுப்போய், புது நிலையில் மறுபடி பிடித்துக்கொள்கின்றன. நாம் சுருக்கம் என்று சொல்வது இதைத்தான். ஈரமும் சூடும் இருந்தால் பிணைப்புகள் இன்னும் சுலபமாக விடும். கழுத்தடியில் இரண்டுமே உண்டு. போதாததற்கு முடிச்சு ஒரு வேலைநாள் முழுக்க இறுகியே இருக்கிறது. ஆகவே ஒரு டையின் உண்மையான பரீட்சை அதைப் பெட்டியில் மடித்து வைப்பதில் இல்லை, முடிச்சில் இருக்கிறது. மாலையில் அவிழ்த்துத் தொங்கவிட்டால் காலையில் முடிச்சு இருந்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

நேர் தொங்கல். கட்டிய பிறகு டை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளாமல் நேராகத் தொங்க வேண்டும்.

முடிச்சுப் பிடிப்பு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீட்சி அளவுக்கு மீறினால் டை தன் முடிச்சைத் தானே தளர்த்திக்கொள்ளும். வழுவழுப்பான மேற்பரப்பும் அதே தொல்லையைத் தரும். சுருங்கவே சுருங்காத டை என்று ஒன்று செய்தால் அதில் முடிச்சும் நிற்காது, முடிச்சுக்குக் கீழே விழும் அந்த அழகான குழியும் விழாது. வளைய வேண்டும், வளைந்தபடி சில மணி நேரம் இருக்க வேண்டும், அப்புறம் திரும்பிவிட வேண்டும்.

விளிம்பின் உருட்சி. நல்ல டையின் ஓரம் கத்தி மாதிரி தட்டையாக இருக்காது, மெதுவாக உருண்டிருக்கும். ஓரம் தட்டையானால் அந்த மடிப்பிலேயே இழைகள் முறிந்து தேயத் தொடங்கும்.

பராமரிப்பும் மறைசெலவும். துவைக்கலாமா, நீராவி போதுமா, வெட்டும்போது எவ்வளவு துணி வீணாகும், தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பவை.

## மேல்துணி

| துணி | மீட்சி | முடிச்சுப் பிடிப்பு | மறைசெலவு |
|---|---|---|---|
| கனமான ஜக்கார்ட் பட்டு | நன்று | மிக நன்று | தண்ணீர்க் கறை, உலர்சலவை |
| அச்சிட்ட மெல்லிய ட்வில் பட்டு | நடுத்தரம் | நன்று | கனமான கேன்வாஸ் கட்டாயம் |
| கிரெனடின் பட்டு | நன்று. சுருக்கம் தெரியாது | மிக நன்று | நூல் இழுபடும், வெட்டிய ஓரம் பிரியும் |
| கம்பளி, கம்பளி–பட்டு | மிக நன்று | மிக நன்று | பூச்சி, பெரிய முடிச்சு |
| பாலியஸ்டர் | நன்று, சூடு படாதவரை | குறைவு | சூட்டில் விழுந்த மடிப்பு போகாது |
| லினன், பருத்தி | குறைவு | நன்று | ஒவ்வொரு முறையும் இஸ்திரி |
| பின்னல் | மிக நன்று | நன்று | தொங்கவிட்டால் நீளும் |

கம்பளி. சுருக்கத்திலிருந்து மீள்வதை மட்டும் பார்த்தால் இயற்கை இழைகளில் இதற்கு மிஞ்சியது இல்லை. கம்பளியின் புரதச் சங்கிலிகள் சுருள் வடிவில் இருக்கின்றன. சங்கிலிகளுக்கு நடுவே கந்தகப் பிணைப்புகள் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கின்றன. இழுத்தால் சுருள் நீளும், விட்டால் குறுக்குப் பிணைப்புகள் அதைப் பழைய இடத்துக்கே கூட்டிவரும். காற்றிலிருந்து தன் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இழை என்பதால், கொஞ்சம் நீராவி காட்டினாலே மிச்சமிருக்கும் சுருக்கமும் தளர்ந்துவிடுகிறது. குறை என்னவென்றால் தடிமன். தடித்த கம்பளியில் முடிச்சு பெருத்து, சட்டைக் காலரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இழைகளைச் சீவி வழவழப்பாக நூற்ற மெல்லிய வூஸ்டட் நூலில் நெய்ததைத் தேர்ந்தால் இது பாதி தீரும். பட்டும் கம்பளியும் கலந்து நெய்த துணியில் முக்கால்வாசி தீரும். பயணத்துக்கு என்று ஒரு டை வடிவமைப்பவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது இந்தக் கலவையைத்தான்.

பட்டு. பட்டின் சங்கிலிகள் ஏற்கெனவே நீட்டி, தாள்களாக அடுக்கப்பட்டிருப்பவை. கம்பளிக்கு இருக்கும் சுருள்வில் அதற்கு இல்லை. அதனால் பட்டில் நெசவுதான் காப்பாற்ற வேண்டும். சாதா நெசவில் நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு பாவு நூலும், அகலவாக்கில் ஓடும் ஒவ்வொரு ஊடையோடும் பின்னிப் பூட்டிக்கொண்டிருக்கும். வளைக்கும்போது நூல்கள் நகர இடமில்லை, வளைவு முழுவதும் ஒரே கோட்டில் விழுகிறது. ட்வில் நெசவில் நூல் இரண்டு மூன்று ஊடைகளைத் தாண்டி மிதந்து போவதால் நூல்கள் சற்று நகர்ந்து வளைவைப் பகிர்ந்துகொள்ளும். சாட்டின் நெசவில் மிதப்பு இன்னும் அதிகம், ஆனால் அதன் பளபளப்பு மெல்லிய கோட்டைக்கூட வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். ஒரே நிறச் சாட்டின் டை சுருக்கத்தின் விளம்பரப் பலகை. சின்னச் சின்ன உருவங்கள் நெய்த ஜக்கார்ட் பட்டில் துணியின் கனமும் கிடைக்கிறது, உருவங்களின் மேடு பள்ளம் மிச்சச் சுருக்கத்தை மறைக்கவும் செய்கிறது.

அச்சிட்ட மெல்லிய பட்டு வேறு கதை. அச்சு தெளிவாக விழ மெல்லிய, மேடு பள்ளமில்லாத துணி வேண்டும். அந்த மென்மையில் தாங்கும் சக்தி கிடையாது. அந்த டையின் உடம்பு முழுவதும் கேன்வாஸ்தான். இதை மறந்து கனமான பட்டுக்கு வைத்த கேன்வாஸையே இதற்கும் வைப்பவர்கள்தான் "பட்டு சுருங்குகிறது" என்று சொல்கிறார்கள்.

கிரெனடின் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இத்தாலியின் கோமோ பகுதி இந்த நெசவுக்குப் பெயர்பெற்றது. பாவு நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஊடையைக் கவ்விப் பிடிக்கும். சல்லடை போலத் திறந்த துணி, ஆனால் நூல் வழுவாது. பளபளப்பு குறைவு, மேற்பரப்பு சொரசொரப்பு. சுருக்கம் விழுந்தாலும் கண் அதைப் பிடிக்காது, முடிச்சும் நழுவாது. ஒரே நிற டை, அதுவும் சாதாரண நாளுக்கும் சடங்குக்கும் பொருந்துவதாக வேண்டும் என்றால் எனக்கு மிகப் பிடித்த துணி இது. வெட்டும் மேசையில் தொல்லை தரும். ஓரம் பிரிந்துகொண்டே இருக்கும், கைக்கடிகாரத்தின் வார் பட்டால் நூல் வெளியே வந்துவிடும்.

பாலியஸ்டர். மலிவு என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டிய துணி இல்லை. இது இழுக்கும் ஈரம் 0.4 சதவீதம்தான். கழுத்து வியர்வை அதன் இழைக்குள் போய் எதையும் தளர்த்தாது. அன்றாட முடிச்சுச் சுருக்கம் நன்றாகவே போய்விடும். ஆனால் 70 முதல் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இழையின் உள்ளமைப்பு இளகத் தொடங்குகிறது. அந்தச் சூட்டில், மடிந்த நிலையில் அழுத்தம் பட்டால் மடிப்பு ஏறக்குறைய நிரந்தரமாகத் தங்கிவிடும். தவறான மடிப்பின் மேல் ஒரு தடவை சூடான இஸ்திரி வைத்தாலும் போதும். வழுவழுப்பால் முடிச்சு கீழே இறங்கிக்கொண்டே இருப்பது இன்னொரு குறை. நுண்ணிழையில் நெய்து, மேற்பரப்பில் கொஞ்சம் நெசவுக் கோடுகள் தெரிவதாக எடுத்தால் இது குறையும். அடிக்கடி துவைக்க வேண்டிய சீருடை டைக்கு இதற்கு மாற்று இல்லை.

லினனும் பருத்தியும். அழகுதான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. இவற்றின் இழைப்பொருளான செல்லுலோஸின் சங்கிலிகளுக்கு நடுவே மீட்டு இழுக்கும் குறுக்குப் பிணைப்பு இல்லை. பிசின் ஏற்றி அந்தப் பிணைப்பைச் செயற்கையாகக் கட்டலாம், சுருங்காத சட்டைகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. ஆனால் பிசின் ஏற்றிய துணி உரசலுக்கும் கிழிசலுக்கும் தாங்கும் வலு குறைந்துவிடுகிறது. டையின் ஓரமோ நாள் முழுக்க உரசும் இடம். சுருக்கத்தையே அழகாக எடுத்துக்கொள்ளும் கோடைக்கால டை என்றால் மட்டும் இவற்றைத் தொடுங்கள்.

பின்னல் டை. வளையங்களால் ஆன துணி என்பதால் மடிப்பு தங்குவதே இல்லை. கேன்வாஸ் தேவையில்லை. ஆனால் நீளவாக்கில் வளரும், ஆகவே சுருட்டி வைக்க வேண்டும். உருவம் மாறாமை உங்கள் முதல் அளவுகோல் என்றால் இது பாதித் தேர்வுதான்.

## வெட்டு: நேர்வாக்கா, குறுக்கா?

இங்கே ஒப்பீடு சீக்கிரம் முடிந்துவிடும். பாவின் நேர்வாக்கில் வெட்டினால் துணி மிச்சம், தையல் சுலபம், கோடுகளும் கட்டங்களும் நேராக வரும். ஆனால் நேர்வாக்கில் நூல் நீளாது. முடிச்சில் வளையும்போது துணிக்கு ஒதுங்க வழி இல்லாமல் மடிந்தே ஆக வேண்டும்.

45 டிகிரி குறுக்காக வெட்டினால் இழுப்பு எந்த நூலின் மேலும் நேராக விழாது. பாவும் ஊடையும் சேர்ந்து செய்யும் சின்னச் சதுரங்கள் சாய்ந்து வைர வடிவமாகின்றன, இழுப்பை விட்டதும் மறுபடி சதுரமாகின்றன. டையின் மீட்சியில் பெரும்பகுதி இந்த அசைவிலிருந்து வருகிறது. தையல்காரர்கள் கிராஸ் கட்டிங் என்று சொல்வது இதைத்தான். கோணம் சில டிகிரி தவறினாலும் இரண்டு பக்கத்து இழுப்பும் சமமாக இராது, டை திருகும்.

இந்த வெட்டுக்குத் துணி அதிகம் பிடிக்கும். 150 செ.மீ. நீளத்தை ஒரே துண்டாகக் குறுக்கில் வெட்டுவதென்றால் நீளத்திலும் அகலத்திலும் 106 செ.மீ.க்கு மேல் துணி வேண்டும். இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். இதற்கு வழி கண்டவர் நியூயார்க் தையற்கலைஞர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப். 1920-களில் அவர் டையை மூன்று துண்டாகக் குறுக்கில் வெட்டி இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அகன்ற முன்பகுதி, கழுத்துப் பட்டை, குறுகிய பின்பகுதி. இன்றைக்கும் பெரும்பாலான டைகள் இந்த மூன்று துண்டில்தான் பிறக்கின்றன. இணைப்புத் தையலும் சாய்வாகவே விழுவதால் தடிமன் ஒரே இடத்தில் குவிவதில்லை.

வடிவமைப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. வழக்கமான நீளமுள்ள டையில் அகன்ற நுனியிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. தாண்டியதும் முடிச்சுப் பகுதி தொடங்குகிறது. இணைப்பு அந்தப் பகுதிக்குள் விழக் கூடாது, காலருக்குள் மறையும் கழுத்துப் பகுதிக்குத் தள்ளிவிடுங்கள். முடிச்சுக்குள் மாட்டிய இணைப்புத் தையல், எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும், ஒரு மேட்டை உண்டாக்கி அதைச் சுற்றி நிரந்தரச் சுருக்கம் விழ வைக்கும்.

துணி சிக்கனம் கட்டாயம் என்றால் நேர்வாக்கில் வெட்டுவது முடிச்சே போடாத கிளிப் டைக்குச் சரி. கையால் கட்டும் டைக்கு வேண்டாம்.

## கேன்வாஸ்: டையின் முதுகெலும்பு

நேரமும் காசும் குறைவாக இருந்தால் இரண்டையும் இங்கே போடுங்கள்.

முழுக் கம்பளி கேன்வாஸ். மேலே கம்பளி பற்றிச் சொன்னது எல்லாம் இங்கே உள்ளிருந்து வேலை செய்கிறது. முடிச்சில் நசுங்கிய மேல்துணியை இந்தக் கம்பளிதான் இரவோடு இரவாக உள்ளேயிருந்து தள்ளி நிமிர்த்துகிறது. மேற்பரப்பைச் சீவி மயிர் எழுப்பியதாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மயிர் மேல்துணியை நழுவவிடாமல் பிடித்துக்கொள்வதோடு, ஓரத்தின் உருட்சிக்கு வேண்டிய காற்றையும் உள்ளே வைத்திருக்கிறது. மறைசெலவு, நீராவியில் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே நன்றாக நீராவி காட்டி, ஆறவைத்து, அதன் சுருக்கத்தையெல்லாம் முடித்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் உலர்சலவையில் கேன்வாஸ் மட்டும் குறுகும், பட்டு அலை அலையாக நிற்கும். வாடிக்கையாளர் அதைத் துணியின் குறை என்றுதான் நினைப்பார்.

கம்பளிக் கலவை. கம்பளியோடு பாலியஸ்டரோ, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையோ சேர்ந்தது. மீட்சி கொஞ்சம் குறையும், அளவு மாறாமை கூடும். எண்ணிக்கை அதிகமாகத் தைப்பவர்களுக்கு இதுதான் நடைமுறைக்கு ஏற்றது என்பேன், ஏனென்றால் ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் வித்தியாசம் வராது. கலவையில் கம்பளியின் பங்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பெயருக்குக் கொஞ்சம் கம்பளி தூவியதும் இதே பெயரில் விற்கும்.

முழுப் பாலியஸ்டர். துவைக்கும் டைக்கு இது ஒன்றே வழி. மேல்துணி பாலியஸ்டர், கேன்வாஸ் கம்பளி என்று வைத்துத் துவைத்தால் உள்ளே கம்பளி திரண்டு குறுகிவிடும். இதில் மீட்சி போதிய அளவு உண்டு, ஆனால் தொட்டால் விறைப்பாக இருக்கும், முடிச்சு தளர்ந்துகொண்டே வரும்.

பருத்தி. மெல்லிய முடிச்சு விரும்புபவர்களுக்கு மெலிதான பருத்தி வைப்பதுண்டு. நசுங்கினால் எழாது. சுருக்கத்தை எதிர்க்கும் டைக்கு இதில் வேலை இல்லை.

ஒட்டும் கேன்வாஸ். பசையோடு வரும், இஸ்திரி வைத்தால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். தைப்பவருக்கு இது வரம் மாதிரி தெரியும்: துணி நகராது, வேலை பாதியாகும், மேசையில் வைத்த டை சுருக்கமே இல்லாமல் மினுங்கும். ஆனால் குறுக்கு வெட்டால் கிடைத்த அந்தச் சாய்ந்து மீளும் அசைவைப் பசை பூட்டிவிடுகிறது. முடிச்சு போட்ட இடத்தில் பசை விட்டுப்போய்க் குமிழ் கிளம்பும், நீராவியும் உலர்சலவையும் அதை வேகமாக்கும். குமிழ் கிளம்பிய டையைச் சரிசெய்யவே முடியாது. புகைப்படத்துக்கு ஒரு நாள் கட்டும் டைக்குத் தவிர இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் மூன்று விதிகள் மாறாது.

முதலாவது, கேன்வாஸும் 45 டிகிரி குறுக்கிலேயே வெட்டப்பட வேண்டும். மேல்துணி குறுக்கில் நீண்டு, கேன்வாஸ் நேர்வாக்கில் நீளாமல் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். டை திருகுவதற்கு வெட்டுக் கோணத்துக்கு அடுத்த பெரிய காரணம் இதுவே.

இரண்டாவது, மேல்துணி மடிந்து உண்டாகும் உறையின் உள்ளகலத்தைக் கேன்வாஸ் முழுவதும் நிரப்ப வேண்டும். ஓரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டால் அந்த வெற்று ஓரம் சரிந்து தட்டையாகும். அகலம் மிஞ்சினாலோ உள்ளே மடங்கி மேடு தட்டும்.

மூன்றாவது, கனம் எதிர்த் திசையில் போக வேண்டும். கனமான மேல்துணிக்கு மெல்லிய கேன்வாஸ், மெல்லிய மேல்துணிக்குக் கனமான கேன்வாஸ். சில ஆலைகளின் கம்பளி கேன்வாஸில் பொன்னிறக் கோடுகள் போட்டிருப்பார்கள். கோடு கூடக் கூடக் கனம் கூடும், அவ்வளவுதான். அதிகக் கோடு உயர்ந்த தரம் என்று எண்ணி, கனமான ஜக்கார்டுக்குள் கனமான கேன்வாஸை வைத்தால் முடிச்சு முஷ்டி அளவுக்குப் போய்விடும். அவ்வளவு பெரிய முடிச்சை இறுக்கிக் கட்ட வேண்டியிருப்பதால் சுருக்கமும் ஆழமாகவே விழும்.

## முதுகுத் தையல்

இரண்டே தேர்வு. சாதாரண இயந்திரப் பூட்டுத் தையல், அல்லது ஒரே நீள நூலில் தளர்வாக ஓடும் ஓட்டுத் தையல்.

பூட்டுத் தையல் வேகமானது, ஒரே சீரானது. ஆனால் அது நீளாது. டையைக் கட்டும்போது இழுக்கிறோம், அவிழ்க்கும்போது இன்னும் அதிகமாக இழுக்கிறோம். துணி நீளப் பார்க்கும், தையல் விடாது. கடைசியில் முதுகு நெடுகச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும் அல்லது நூல் அறும். குறுக்கு வெட்டுக்காகச் செலவழித்த துணியெல்லாம் இந்த ஒரு தையலில் வீணாகிவிடும்.

ஓட்டுத் தையலில் நூல் டைக்குள் கொஞ்சம் நழுவும். இரண்டு முனையிலும் ஒரு சின்ன வளையமாக மிச்ச நூல் விட்டிருப்பார்கள். டை நீளும்போது அந்த மிச்சத்திலிருந்து நூல் உள்ளே போகிறது, தளரும்போது திரும்பி வருகிறது. அந்த வளையத்தைத் தேவையில்லாத நூல் என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. டை வாங்குபவருக்கு இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. உறையின் இரு முனைகளையும் தனியே கெட்டியான குறுக்குத் தையல் போட்டு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முதுகு வாய் பிளக்கும்.

கையால் தைக்க நேரமில்லை என்றால், இந்த ஓட்டுத் தையலையே போடும் டைக்கான தனி இயந்திரங்கள் உண்டு. அவற்றின் தையல் போதுமானது. கைத்தையல்தான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை, தளர்வு இருக்கிறதா என்பதே கேள்வி.

## மூன்று மடிப்பா, ஏழு மடிப்பா?

ஏழு மடிப்பு டைக்குள் கேன்வாஸ் இருக்காது, இருந்தாலும் மெல்லியதாக இருக்கும். பட்டே பலமுறை மடிந்து உடம்பைத் தருகிறது. மூன்று மடிப்புள்ள சாதாரண டையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பட்டு பிடிக்கும். கையில் எடுத்தால் கிடைக்கும் அந்த மென்மையும், விழும் அழகும் வேறு எதிலும் வராது. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் இது பின்தங்குகிறது. உள்ளிருந்து தள்ளிவிடக் கம்பளி இல்லை, பட்டின் சொந்த மீட்சியோ நடுத்தரம். கட்டக் கட்ட மடிப்புகள் இடம் மாறி உட்காரும். தினமும் கட்டும் டைக்கு மூன்று மடிப்பும் கம்பளி கேன்வாஸும்தான். ஏழு மடிப்பு, கனமான பட்டு கையில் இருந்து, அதை மாதம் ஒரு முறை கட்டப்போகிறவருக்கு.

## முடிச்சையே தவிர்க்கும் வழி

கிளிப் டை, ஜிப் வைத்த டை ஆகியவற்றை நாகரிகமில்லை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். சுருக்கம் விழும் இடமே முடிச்சுதான் என்னும்போது, ஒரு தடவை கட்டி அப்படியே நிறுத்திய முடிச்சு அந்தச் சிக்கலை அடியோடு நீக்கிவிடுகிறது. யாராவது பிடித்து இழுத்தாலோ இயந்திரத்தில் மாட்டினாலோ கழன்றுவிடுவதால் காவல் பணியிலும் பட்டறையிலும் பாதுகாப்பும் கூட. குறை, எல்லாக் காலருக்கும் ஒரே முடிச்சு. ஜிப் டையில் ஜிப் கெட்டால் டையே போயிற்று. பள்ளிச் சீருடைக்கும் பாதுகாப்புப் பணிக்கும் இதையே முதலில் யோசியுங்கள்.

## எந்தத் தேவைக்கு எந்தச் சேர்க்கை?

தினமும் அலுவலகத்துக்குக் கட்டும் டை: சிறு உருவ ஜக்கார்ட் பட்டு, மிதமான கனத்தில் கம்பளி கேன்வாஸ், மூன்று துண்டு குறுக்கு வெட்டு, ஓட்டுத் தையல். பெட்டியில் சுருட்டி எடுத்துப்போகும் பயண டைக்கு மேல்துணியை மட்டும் கம்பளி–பட்டுக் கலவையாக மாற்றி, கேன்வாஸை மெல்லியதாக்கினால் போதும்.

அச்சு ஓவியம்தான் டையின் உயிர் என்றால் மெல்லிய ட்வில் பட்டை விடவேண்டாம். இருபுறமும் மயிர் எழுப்பிய கனமான கம்பளி கேன்வாஸ் வையுங்கள், அடர்ந்த உருவங்களாக அச்சிடுங்கள். வெற்றிடம் அதிகமுள்ள அச்சில் சுருக்கம் தனியாகத் தெரியும்.

துவைக்கும் சீருடை: நுண்ணிழைப் பாலியஸ்டர், பாலியஸ்டர் கேன்வாஸ், நுனி லைனிங்கும் தையல் நூலும் பாலியஸ்டரே. எல்லாம் ஒரே இழையாக இருந்தால்தான் ஒரே அளவில் சுருங்கி ஒரே அளவில் உலரும். குறுக்கு வெட்டை இங்கேயும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்தச் சேர்க்கையிலும் கடைசி வேலையான இஸ்திரியில் கவனம் வேண்டும். ஓரத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தவே கூடாது. மேலே பிடித்து நீராவி மட்டும் காட்டி, கையால் தடவி, தானாக ஆறவிட வேண்டும். பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஓரத்தை அழுத்தி அனுப்பிய டை அன்றைக்கே பாதி ஆயுளை இழந்துவிடுகிறது.

## தீர்மானிப்பதற்கு முன் ஒரு சோதனை

துணிகளின் சுருக்க மீட்சியை அளக்க ஐஎஸ்ஓ 2313 என்ற தர முறை இருக்கிறது. 40 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் உள்ள துண்டை இரண்டாக மடித்து, 10 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் கீழ், 5 நிமிடம் வைப்பார்கள். எடையை எடுத்து இன்னும் 5 நிமிடம் கழித்து எவ்வளவு கோணம் விரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முழுதும் விரிந்தால் 180 டிகிரி. ஆய்வகம் இல்லாமலே, ஒரு கிலோ எடையும் கோணமானியும் வைத்துத் துணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடலாம். இந்த முறையில் துண்டைப் பாவுவாக்கிலும் ஊடைவாக்கிலும் வெட்டுவார்கள். டைக்காக என்றால் 45 டிகிரியிலும் ஒரு துண்டு வெட்டுங்கள், மேல்துணியைத் தனியாகவும் கேன்வாஸோடு சேர்த்தும் வைத்துப் பாருங்கள். மேல்துணிகளுக்கிடையே பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் கேன்வாஸ் சேர்ந்ததும் எவ்வளவு குறைகிறது என்பதை நேரில் காணலாம்.

அப்புறம் முழு மாதிரி. ஐந்து துணியில் ஐந்து மாதிரி தைப்பதைவிட, ஒரே துணியில் மூன்று கேன்வாஸ் வைத்து மூன்று மாதிரி தைப்பது அதிகம் கற்றுக்கொடுக்கும். குறுகிய பக்கத்தின் நடுவே விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள், திருகுகிற மாதிரியை அப்போதே விலக்கிவிடலாம். மற்றவற்றைக் காலையில் கழுத்தில் கட்டி மாலையில் அவிழ்க்க வேண்டும். குறுகிய முனையைப் பிடித்து உருவாமல், கட்டிய வழியிலேயே திருப்பி அவிழ்த்து, இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் பக்கவாட்டு வெளிச்சத்தில் முடிச்சுப் பகுதியைப் பாருங்கள். ஒரு வாரம் இதைத் தொடர்ந்தால், அடுத்து வாங்க வேண்டியது வேறு மேல்துணியா வேறு கேன்வாஸா என்று மாதிரிகளே சொல்லிவிடும்.